ஐந்து கட்டைக்காரன் வாய் மூடிய கதை

எங்கள் பக்கத்தில் ஒரு ராஜபார்ட் நடிகனைப் பற்றி விசாரிக்கும்போது ஆள் எப்படி, நடிப்பு எப்படி என்று யாரும் கேட்கமாட்டார்கள். "எத்தனை கட்டை?" என்றுதான் கேட்பார்கள். ஆர்மோனியப் பெட்டியில் எந்தக் கட்டையைச் சுருதியாக வைத்துக்கொண்டு பாடுகிறான் என்று அர்த்தம். மூன்று என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். நாலு என்றால் பார்க்கலாம் என்பார்கள். நான் ஐந்து. நோட்டீசில் என் பெயருக்கு முன்னால் அதைத்தான் போடுவார்கள், பெயரைவிடப் பெரிய எழுத்தில். ஒருமுறை அச்சாபீசுக்காரர் இடம் போதவில்லை என்று பெயரை விட்டுவிட்டு 'ஐந்து கட்டை' என்பதை மட்டும் அச்சடித்தார். கூட்டம் குறையவில்லை.

இப்போது ஒலிபெருக்கி என்று ஒன்று வந்துவிட்டது. அதன் முன்னால் தும்மினால்கூட ஊருக்கே கேட்கிறது. அப்போது அது கிடையாது. கடைசி வரிசையில் கடலை கொறிப்பவன் காதுவரைக்கும் தொண்டைதான் நடந்து போக வேண்டும். கல்லல் சந்தையில் நான் பாடினால் கோவிலூர் மடத்தில் பந்தி பரிமாறுகிறவர் கரண்டியை நிறுத்திக் காது கொடுப்பார் என்று என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவன் நான்தான்.

அந்த வருஷம் தைப்பூசத்தை ஒட்டி ஏழு நாளில் ஏழு ஊர் நாடகம். மூன்றாம் நாளே சளியும் காய்ச்சலும். வெந்நீர் குடித்துவிட்டு மேடை ஏறினேன். ஐந்தாம் நாள் குரலில் மணல் விழுந்தது. மணலோடு சேர்த்தே பாடினேன். ஏழாம் நாள் தர்க்கப் பாட்டு, அதாவது ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் பாட்டாலேயே சண்டை போடும் கட்டம். எதிரில் நின்ற அம்மாள் உச்சியில் போய் நின்றுகொண்டு இறங்க மாட்டேன் என்றார். எனக்கு ரோஷம். அவருக்கும் மேலே ஒரு படி தாவினேன். தாவின இடத்தில் படி இல்லை. கோடி வேட்டியைக் கிழித்தாற்போல ஒரு சத்தம் என் கழுத்துக்குள் கேட்டது. அதன் பிறகு காற்றுதான் வந்தது. மீதிக் கதையைக் கையை ஆட்டியே ஒப்பேற்றினேன். கூட்டம் கைதட்டியது. துயரத்தை உருக்கமாக நடிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை வீட்டில் என் மனைவி செம்பில் வெந்நீரோடு வந்து நின்றாள். பேச வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை.

"ஏங்க, காலங்காத்தால வேசங்கட்டாதீக. என்ன வேணும், வாயத் தொறந்து சொல்லுங்க."

திறந்துதான் இருந்தது.

"நல்லாத்தான் இருக்கு. ஊமை வேசத்துக்கு எந்த ஊருல கூப்பிட்டிருக்காக?"

அவளைக் குறை சொல்ல முடியாது. அவள் அண்ணன் விருந்துக்கு வந்திருந்தபோது ஒரு பகல் முழுவதும் செவிடனாக நடித்தவன் நான். கண்ணில் நீர் முட்டியது. "அடேயப்பா, கண்ணீரும் சேத்தா!" என்றாள். மூன்றாம் முறை முயன்றபோது கழுத்து நரம்பு புடைத்து, முகம் சிவந்து, அடைத்த துருத்தியில் வருவதுபோல ஒரு 'உஸ்' மட்டும் வந்தது. அவள் கையிலிருந்த செம்பு கீழே விழுந்தது. அந்தச் சத்தத்துக்குக்கூட ஒரு சுருதி இருந்தது. எனக்கு இல்லை.

என் பயம் என்ன என்று இங்கே சொல்லிவிட வேண்டும். பங்குனி உத்திரத்துக்குச் சரியாக இரண்டு மாதம் இருந்தது. அன்று காலை எங்கள் ஊர்க் காவடிகள் குன்றக்குடிக்கு நடந்து போகும். காவடிகளுக்கு முன்னால் ஒருவன் சிந்து பாடிக்கொண்டு மலை ஏறுவான். சுற்று வட்டத்து நாடகக் கமிட்டிக்காரர்கள் அத்தனை பேரும் அந்த வழியில் நின்று கேட்பார்கள். அன்று முன்னால் பாடுகிறவன்தான் அந்த வருஷத்துக்கு ராஜபார்ட். எங்கும் எழுதி வைத்த சட்டமில்லை. ஆனால் மீறியவரும் இல்லை. ஆறு வருஷமாக முன்னால் பாடினவன் நான். பாட்டைத் தவிர எனக்கு வேறு ஒன்றும் தெரியாது. கல்லல் பக்கத்தில் அப்பா விட்டுப்போன வானம் பார்த்த பூமி கொஞ்சம் உண்டு. அதில் ஒருநாள் ஏர் பிடித்தேன். மாடே திரும்பிப் பார்த்துச் சிரித்தது.

செய்தியை வெளியே விடாமல் வைத்தியம் பார்த்தோம். சித்தரத்தை, அதிமதுரம், மிளகு, பனங்கற்கண்டு என்று மனைவி இடித்ததையெல்லாம் விழுங்கினேன். எங்கள் குழுவின் பபூன் பச்சை முட்டையில் மிளகுப்பொடி போட்டு ஒரே மடக்கில் குடிக்கச் சொன்னான். குடித்தேன். யாரோ சொன்னார்கள் என்று மயிலிறகைச் சுட்ட சாம்பலைத் தேனில் குழைத்துத் தின்றேன். மயில் போல அகவத் தொடங்கினால்கூடப் போதும் என்றிருந்தது எனக்கு. தொண்டையில் ஏதோ உட்கார்ந்திருப்பதுபோல நிமிஷத்துக்கு ஒரு தரம் செருமிக்கொண்டே இருந்தேன்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தப்பைச் செய்யவைத்தவர் எனக்கு ஆர்மோனியம் வாசித்த பெட்டிக்கார அண்ணன். அன்பில் செய்த தப்பு. "மாப்ளே, சத்தம் போட்டாத்தான தொண்டை நோகும்? குசுகுசுன்னு பேசு. கொரலுக்கு ஓய்வு குடுத்த மாதிரியும் ஆச்சு, காரியமும் நடக்கும்" என்றார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. எட்டு நாள் குசுகுசுவென்று பேசினேன். வாழ்நாளில் அவ்வளவு பேசினதில்லை. ரகசியக் குரலில் சொன்னால் எதுவும் முக்கியமாகப்படும் அல்லவா? குழம்பில் உப்பு கம்மி என்பதையே ராஜாங்க ரகசியம்போலச் சொல்லிக்கொண்டிருந்தேன். எட்டாம் நாள் அந்தக் குசுகுசுப்பும் அறுந்து போயிற்று. தண்ணீர் விழுங்கினால் முள் குத்தியது.

ரங்கூனில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்த டாக்டர் ஒருவர் காரைக்குடியில் இருந்தார். பெட்டிக்கார அண்ணன் குற்ற உணர்ச்சியோடு என்னை அங்கே அழைத்துப் போனார். டாக்டர் நெற்றியில் ஒரு வட்டக் கண்ணாடியைக் கட்டிக்கொண்டார். நீளக் காம்பு வைத்த இன்னொரு சின்னக் கண்ணாடியை ஸ்பிரிட் விளக்கில் காட்டிச் சூடாக்கினார். துணியால் என் நாக்கைப் பிடித்து, கிணற்றில் வாளி இழுப்பதுபோல இழுத்தார்.

"ஆ சொல்லுங்க."

அதைச் சொல்ல முடியாமல்தானே வந்திருக்கிறேன்!

நெடுநேரம் பார்த்தார். இதுநாள்வரை ஆயிரக்கணக்கான பேர் என் தொண்டையைக் கேட்டிருக்கிறார்கள். பார்த்தவர் அவர் ஒருவர்தான். பார்த்தவர் முகம் நன்றாக இல்லை.

"ரெண்டு நரம்பும் வீங்கிச் செவந்து கெடக்கு. ஓரத்துல காச்சுப் போயிருக்கு. மம்பட்டி புடிச்சவன் கையில காய்ப்பு விழுகும்ல, அது மாதிரி. இந்த எட்டு நாளா என்ன செஞ்சீக?"

பெட்டிக்கார அண்ணன் சொன்னார். டாக்டர் அவரை ஒரு பார்வை பார்த்தார்.

"கொல்லாமக் கொன்னிருக்கீக. குசுகுசுன்னு பேசுனா நரம்பு ரெண்டும் வெறைச்சுக்கிட்டு ஒரசும். அதுக்குச் சத்தம் போட்டே பேசியிருக்கலாம். இன்னையிலேருந்து முப்பது நாள் ஒரு சொல்லுப் பேசக் கூடாது. குசுகுசுப்பும் கெடையாது. செருமவும் கூடாது, செருமல் வந்தா ஒரு மடக்கு வெதுவெதுப்பாத் தண்ணி குடிங்க. காலையும் சாயந்தரமும் வெறும் வெந்நீர் ஆவி புடிங்க. மொளகு, மொளகாய், பச்சை முட்டை ஒன்னும் வேணாம்."

கையோடு கொண்டுபோயிருந்த சிலேட்டில் எழுதிக் காட்டினேன்: 'உத்திரத்துக்குப் பாடுவேனா?'

"கொரல் வரும். அந்தப் பழைய கொரல் வருமான்னு கேட்டா எனக்குத் தெரியாது. தெரியும்னு யாராச்சும் சொன்னா அவருகிட்டப் போகாதீக."

முப்பது நாள் வாய் மூடுவது என்றால் ஊருக்கு என்ன சொல்வது? உண்மை தெரிந்தால் காவடிக் கூட்டத்தின் காரியக்காரர் மறுநாளே வேறு ஆளைப் பிடித்துவிடுவார். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் அடுத்த வீட்டுக்காரி கேட்டாள், என் மனைவி சொல்லிவிட்டாள்: "அவுக மவுன விரதம்ல இருக்காக. குன்னக்குடி முருகனுக்கு. ஒரு மாசம்."

எனக்கு மயக்கமே வந்தது. அரை நாழிகை சும்மா இருந்து பழக்கமில்லாதவன் மவுன விரதம் என்றால் யார் நம்புவார்கள்? எல்லோரும் நம்பினார்கள். இவனே வாயை மூடிவிட்டான் என்றால் முருகன்தான் மூடியிருக்க வேண்டும் என்றார்கள். நாலே நாளில் வீட்டு முன்னால் செருப்புகள் சேரத் தொடங்கின. வாழைப்பழச் சீப்பும் தேங்காயும் வந்தன. விபூதி கேட்டார்கள். முதலில் எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. நெற்றியில் பட்டை போட்டுக் கண்ணை அரைவாசி மூடிக்கொண்டால் யாராக இருந்தாலும் சாமிதான்.

உள்ளுக்குள் வேடிக்கையாக இல்லை. பேச்சு போனதோடு என் குறும்பும் போயிற்று. சிலேட்டில் எழுதிக் காட்டினால் சிரிப்பு வராது. நான் எழுதி முடிப்பதற்குள் எதிரில் இருப்பவர் வேறு பேச்சுக்குப் போயிருப்பார். சண்டையிலும் இதே கதி. "இத்தனை வருசத்துக்கு இப்பத்தான் நான் சொல்றதக் கடைசி வரைக்கும் கேக்குறீக" என்றாள் மனைவி. ஆனால் அவள் அடுப்படியில் தனியே இருக்கும்போது அழுதாள். எனக்குக் கேட்காது என்று நினைத்தாளோ என்னவோ. எனக்குத் தொண்டைதான் கெட்டிருந்தது, காது நன்றாகத்தான் இருந்தது.

வந்தவர்களில் பெரிய வீட்டு ஆச்சி ஒருவர். அவர் மகன் பர்மாவில் தொழில் செய்துகொண்டிருந்தார். கப்பல் ஏறுகிறேன் என்று கடிதம் எழுதினவரிடமிருந்து அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. ஆச்சி என் முன்னால் பழத்தட்டை வைத்துவிட்டுச் சொன்னார்:

"ஏப்பா, விரதம் முடிஞ்சு வாயத் தொறந்து சொல்ற மொதச் சொல்லு அப்படியே பலிக்கும்பாக. அத எங்க வீட்டு வளவுல வந்து சொல்லணும். எம் மவனுக்காக. காரியக்காரரையும் வரச் சொல்றேன், பெட்டியும் வரட்டும்."

தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்ய? இல்லை என்று எழுதலாம் என்றால் ஆச்சிக்கு எழுத்துத் தெரியாது. மகன் வருவான் என்று நம்புகிற ஒரு தாய், காய்ப்பு விழுந்த ஒரு கூத்தாடியின் தொண்டையை நம்பிக்கொண்டு போனார். அன்று என்னால் சாப்பிட முடியவில்லை. மிளகில்லாத சாப்பாடு என்பதும் ஒரு காரணம்.

இருபதாம் நாள் என் பொறுமை செத்தது. விழுங்கினால் வலி இல்லை. ஒரே ஒரு தரம், ஒரே ஒரு ஸ்வரம், இருக்கிறதா என்று பார்த்துவிடுவோம் என்று உச்சி வெயிலில் கண்மாய்க் கரைக்குப் போனேன். சுற்றிலும் ஒருவரும் இல்லை, ஆடுகள்தான். நான் யோக்கியனாக இருந்தால் தாழப் பிடித்துப் பார்த்திருப்பேன். ஐந்து கட்டைக்காரன் அல்லவா, நேரே உச்சிக்குப் போனேன். வந்தது குரலா, அறுந்த செருப்பின் சத்தமா என்று சொல்லத் தெரியவில்லை. வாயில் உப்புக் கரித்தது. ஆடுகளில் ஒன்று மட்டும் தலையைத் தூக்கிப் பதில் குரல் கொடுத்தது. அதன் சுருதி சுத்தமாக இருந்தது. கரையில் உட்கார்ந்து, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, சத்தமில்லாமல் அழுதேன். சத்தமில்லாமல் என்பதை நான் விரும்பிச் செய்யவில்லை.

டாக்டர் மறுபடி நாக்கை இழுத்துப் பார்த்துவிட்டுக் கண்ணாடியை மேசைமேல் வைத்தார்.

"பாதி ஆறியிருந்துச்சு. அதப் பிச்சு விட்டுட்டு வந்திருக்கீக. இன்னையிலேருந்து இருவது நாள். அதுல கடைசி ஏழு நாள் மட்டும் வாய மூடிக்கிட்டு மூக்கால முனகுங்க, தெனம் அஞ்சே நிமிசம். எந்த எடத்துல வலியில்லாம நிக்குதோ அதுதான் இனிமே ஒங்க எடம். அதுக்கு மேல தாவுனா, அடுத்த தரம் நாக்க இழுக்க நான் இருக்க மாட்டேன்."

விரதம் ஏன் பத்து நாள் நீண்டது என்று ஊர் கேட்டது. "முருகன் கனவுல வந்து நாப்பதா ஆக்கச் சொல்லிட்டாராம்" என்றாள் மனைவி, அரிசி புடைத்துக்கொண்டே. எங்கள் குடும்பத்தில் நடிப்பு யாருக்கு நன்றாக வரும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

கடைசி ஏழு நாள் பெட்டிக்கார அண்ணன் தினமும் வந்தார். ஒவ்வொரு கட்டையாக அழுத்தினார். நான் வாயை மூடி முனகினேன். ஐந்தில் கழுத்து இறுகியது. நாலில் இறுகியது. மூன்றில் முள். இரண்டரைக்கு வந்தபோது, வண்டி மேட்டிலிருந்து சமதளத்துக்கு வந்ததுபோல, முனகல் தானாக ஓடியது. வலியில்லை. அண்ணன் கட்டையிலிருந்து விரலை எடுக்கவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை. எங்கள் பக்கத்தில் இரண்டரைக் கட்டையில் பிள்ளைக்குத் தாலாட்டுப் பாடலாம். ராஜா வேஷம் கட்ட முடியாது.

நாற்பதாம் நாள் ஆச்சி வீட்டு வளவில், அதாவது உள்முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், தூண்களுக்கு நடுவே ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். தெருவே வந்திருந்தது. காரியக்காரர் முன்னால் உட்கார்ந்திருந்தார். ஆச்சி எனக்கு நேர் எதிரே, கைகூப்பி, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன சொல்வது என்று நான் தயார் செய்து வைத்திருந்தேன். "முருகா, பிள்ளை நல்லபடியா வரட்டும்" என்று சொல்லிவிட்டு, குரல் இன்னும் தேற வேண்டும் என்று உண்மையையும் சொல்லிவிடுவதாகத் திட்டம்.

"சொல்லோட ஒரு பாட்டும் ஆகட்டும்" என்றார் காரியக்காரர். "அண்ணே, அஞ்சுல வைங்க. உத்திரத்துக்கு எப்படி இருக்குன்னு பாத்துருவம்."

பெட்டிக்கார அண்ணன் திகைத்துப்போய், கை பழகிய பழக்கத்தில், ஐந்தில் வைத்துவிட்டார். அந்தச் சுருதியைக் கேட்டதும் என் தொண்டை தானாக எழும்பியது. லகானை இழுத்தாற்போல வலித்தது. தாவிவிடுவேன் என்று பயந்து போனேன்.

"எறக்கு!" என்றேன்.

நாற்பது நாளைக்குப் பிறகு என் முதல் சொல் அது. கரகரப்பில்லாமல், தாழ்ந்து, யாரோ ஒரு அந்நியன் பேசுவதுபோல வந்தது.

ஆச்சி எழுந்து நின்றுவிட்டார். "எறங்கிட்டானாம்! எம் மவன் கப்பல விட்டு எறங்கிட்டானாம்! கேட்டீகளா!"

"ஆச்சி, நான் பெட்டிய எறக்கச் சொன்னேன்..."

யார் கேட்டது? குலவை போட ஆரம்பித்துவிட்டார்கள். காரியக்காரர் மட்டும் குலவையைக் கேட்கவில்லை. அவர் நாடகம் கேட்டு வளர்ந்தவர். என் பக்கமாகக் குனிந்து, "எதுக்கு எறக்கணும்?" என்றார்.

சொன்னேன். விரதமில்லை, வியாதி என்று. ஐந்து போய்விட்டது என்று. அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் ஒரு பாட்டமாவது சண்டை போட்டிருக்கலாம். "ஒடம்பப் பாத்துக்கங்க. நான் மதுரைப் பக்கம் ஒரு ஆளக் கேட்டு வச்சிருக்கேன்" என்றார். 'கேட்டு வைத்திருக்கிறேன்' என்றால், என் விரதத்தை அவர் முன்பே நம்பவில்லை என்றுதானே பொருள்?

நாலு நாள் கழித்து ஆச்சியின் மகனிடமிருந்து கடிதம் வந்தது. தொழிலில் சிக்கல், இந்த வருஷம் வர முடியாது என்று. மன்னிப்புக் கேட்கப் போனேன். ஆச்சியின் கண் சிவந்திருந்தது. "நீ எறங்குவான்னுதான சொன்ன? என்னைக்குன்னு சொல்லலையே. போயி ஒன் தொண்டையப் பாரு" என்று ஒரு போத்தல் மலைத்தேன் கொடுத்தார். அதற்குப் பதிலாகத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

உத்திரத்தன்று நான் வீட்டிலேயே இருந்துகொள்வதாகச் சொன்னேன். மனைவி கேட்கவில்லை. "பேசாம நடந்துட்டு வாங்க. அதுதான் நல்லாப் பழகிருச்சே" என்றாள். போனேன். முன்னால் மதுரைப் பையன். ஐந்து கட்டை, சுத்தமான ஐந்து. அவன் எடுத்த முதல் அடிக்கே வழியில் நின்றவர்கள் ஆகா என்றார்கள். நான் காவடிகளுக்கு நடுவில், கூட்டத்தோடு கூட்டமாக நடந்தேன். பெட்டிக்கார அண்ணனுக்கு அன்று வேலை இல்லை. என் பக்கத்தில் நடந்தார். பையன் உச்சிக்குப் போகும்போதெல்லாம் என் கழுத்தும் கூடவே எழும்பியது. பல்லைக் கடித்துக்கொண்டேன். நாற்பது நாள் வாய் மூடியது ஒன்றும் பெரிதில்லை. அந்த வழி நெடுகிலும் அவனுக்கு மேலே தாவாமல் நடந்ததுதான் எனக்கு விரதம்.

மலை தெரியத் தொடங்கிய இடத்தில் பையனின் பாட்டு வெகு முன்னே போய்விட்டது. என்னை ஒட்டிக் காவடி எடுத்து நடந்த ஒரு குடியானவனுக்குக் கால் பின்னியது. வெயிலில் தள்ளாடினான். நான் யோசிக்கவில்லை. இரண்டரையில், அவன் காதுக்கு மட்டும் எட்டுகிற மாதிரி, நடைக்குத் தகுந்த சிந்து ஒன்றை எடுத்தேன். நான்கு அடி பாடினேன். வலிக்கவில்லை. அவன் கால் சீராக விழுந்தது. இன்னும் இரண்டு காவடிகள் எங்கள் பக்கம் நெருங்கின.

பின்னாலிருந்து யாரோ ஒருவன் கத்தினான்: "யாருய்யா அது முணுமுணுக்கிறது? சத்தமாப் பாடு!"

என் நெஞ்சு விம்மியது. அண்ணன் என் கையைப் பிடித்தார். பிடித்திருக்கத் தேவையில்லை. நான் இரண்டரையை விட்டு ஏறவில்லை.

காவடிக்காரன் திரும்பிப் பார்க்காமலே சொன்னான்: "நிப்பாட்டாதீகண்ணே. அங்குட்டுப் போற சத்தம் பெருசுதான். ஆனா காலு ஒங்க பாட்டுக்குத்தான் விழுகுது."

உண்மையாகச் சொன்னானா, என்மேல் இரக்கப்பட்டுச் சொன்னானா, எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டிருக்கலாம். கேட்பதென்றால் பாட்டை நிறுத்த வேண்டியிருந்தது.